வேண்டும் என்றும் விசுவசிக்கிறேன் என்றும்

1544ஆம் ஆண்டு. முத்துக்குளித்துறைக் கரையில் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த பிரான்சிஸ் சேவியர், அதே கரையில் வேறோர் ஊரிலிருந்த தம் உதவியாளர் மன்சில்யாசுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அதில் ஒரு சிறு திருத்தம் இடம்பெறுகிறது. விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் சொல்லிக்கொடுக்கும்போது 'வேணும்' என்ற சொல்லை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்கிறார். அதற்கு 'விரும்புகிறேன்' என்பதுதான் பொருளாம். நம்புகிறேன் என்று பொருள்படும் சொல்லை அவ்விடத்தில் வைத்துக் கற்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறார்.

அதாவது, அதுவரை ஓராண்டுக்கும் மேலாக அக்கரையின் பரதவர் சிறுவர்களும் பெரியவர்களும் நாள்தோறும் கூடி நின்று, 'கடவுளை நம்புகிறேன்' என்பதற்குப் பதிலாகக் 'கடவுள் எனக்கு வேணும்' என்று ஒரே குரலில் சொல்லிவந்திருக்கிறார்கள். சொன்னவர்களுக்கு அதில் ஒரு பிழையும் தோன்றியிருக்காது. சொல்லிக்கொடுத்தவருக்கோ தாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்கவில்லை.

சமய வரலாற்று நூல்கள் இந்நிகழ்ச்சியை ஒரு வரியில் கடந்துவிடும். மொழிமீது பற்றுள்ள நமக்கு அவ்வாறு கடந்துசெல்ல இயலவில்லை. ஒரு நம்பிக்கையை இன்னொருவருடன் பகிர்ந்துகொள்வது என்றால் என்ன? கொடுப்பவர் தம்மிடம் இருப்பதைக் கொடுக்கிறார் என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். ஆனால் கொடுப்பதற்கான சொல் அவரிடம் இல்லை. அதைப் பெறுபவரிடமிருந்துதான் அவர் கடனாக வாங்கியாக வேண்டும். தமிழகத்தில் கிறித்தவம் சொல்லப்பட்ட நானூற்றைம்பது ஆண்டுக் கதையை, இந்தக் கடன் வரலாறாகப் படித்துப் பார்த்தால் என்ன என்பதே இக்கட்டுரையின் எண்ணம்.

*

சேவியர் 1542இல் இக்கரைக்கு வந்தபோது பரதவர் ஏற்கெனவே கிறித்தவர்களாக இருந்தனர். 1535க்கும் 1537க்கும் இடையில் ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். முத்துக்குளிக்கும் உரிமை குறித்துக் கடலோர முஸ்லிம் வணிகர்களுடன் எழுந்த பூசலில் போர்ச்சுகீசியக் கடற்படையின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. பாதுகாப்புக்கு விலையாக மதம் கேட்கப்பட்டது. அவர்கள் கொடுத்தார்கள். இதில் நாணவோ பெருமைகொள்ளவோ ஒன்றுமில்லை. கடலை நம்பி வாழ்ந்த ஒரு சமூகம் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு சொல்கூடத் தமிழில் விளக்கப்பட்டதாகத் தெரியவில்லை. திருமுழுக்கு முதலில் வந்தது. விளக்கம் பிறகு வந்தது.

விளக்கத்தைத் தொடங்கியவர் சேவியர். தமிழும் போர்ச்சுகீசியமும் ஓரளவு தெரிந்த சிலரைக் கூட்டி, பல நாட்கள் பாடுபட்டுச் செபங்களை மொழிபெயர்க்கச் செய்தார். அவற்றை ஒலியாகவே மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து சிறுவர்களைக் கூட்டினார். அந்தச் சிறுவர்கள் மாலையில் தாங்கள் கற்றதைத் தம் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. 'வேணும்' என்ற பிழை பிறந்தது இப்படித்தான். பொருளறியாத உதட்டிலிருந்து பொருளறிந்த செவிக்குச் சென்ற சொல் அது.

சேவியருக்குப் பின் வந்த என்றிக்கே என்றீக்கசு இந்த நிலையை மாற்றினார். அவர் யூத மரபில் வந்த போர்ச்சுகீசியர். அந்த மரபின் காரணமாகவே ஒரு துறவற சபையிலிருந்து வெளியேற்றப்பட்டு, பின்பு இயேசு சபையில் சேர்ந்தவர். தம் சொந்த நாட்டின் திருச்சபையில் முழுமையாக இடம் பெறாத ஒருவர்தான் முதன்முதலாகத் தமிழை அதன் இலக்கணத்தோடு கற்க உட்கார்ந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஐரோப்பியருக்கென ஒரு தமிழ் இலக்கணத்தையும் எழுதினார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்டது. இந்திய மொழியொன்று தன் எழுத்திலேயே இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அது. அந்த அச்சுப் பணிக்குப் பரதவர் பொருள் தந்தனர். முத்தெடுத்து ஈட்டிய காசில்தான் தமிழ் எழுத்து ஈயத்தில் ஏறியது.

தலைப்பைக் கவனியுங்கள். 'தம்பிரான்' என்பது சைவ மடங்களிலும் அரண்மனைகளிலும் புழங்கிய சொல். கடவுளுக்குப் பெயர் தேடி வந்தவர் ஊரார் ஏற்கெனவே வைத்திருந்த ஒரு மரியாதைச் சொல்லை எடுத்துக்கொண்டார். முதல் கடன் பதிவாயிற்று.

*

கடற்கரையில் கிறித்தவம் வேரூன்றிய அதே காலத்தில், மதுரையில் அது ஓரடிகூட நகரவில்லை. அங்கிருந்த பெர்னாண்டசு பாதிரியார் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியும் உள்ளூர் இந்துக்களில் எவரும் மதம் மாறவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காரணத்தைக் கண்டுகொண்டார். கிறித்தவம் என்பதற்கு ஊரார் வழங்கிய பெயர் 'பரங்கி மார்க்கம்'. அதில் சேர விருப்பமா என்று கேட்டால், பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்றே கேட்டவர் காதில் விழுந்தது. லத்தீனின் 'மிஸ்ஸா' தமிழன் வாயில் 'மீசை'யாகி, வழிபாட்டுக்குப் போவது நகைப்புக்குரியதாயிற்று என்று சொல்வதுண்டு.

நொபிலி காவி உடுத்தார், புலாலை நீக்கினார், வடமொழியைச் சிவதர்மர் என்ற அந்தணரிடம் கற்றார். கடவுளைச் 'சருவேசுரன்' என்றார். வேதம், குரு, கோயில், பூசை, அருள் எனப் பழகிய சொற்களைப் புதிய பொருளில் ஆண்டார். உரோமைவரை வழக்குப் போயிற்று. 1623இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார்.

இதுவரை பாராட்டத்தக்கது. ஆனால் நொபிலி சொற்களோடு வேறொன்றையும் சேர்த்துக் கடன் வாங்கினார். மேல்சாதியாரிடம் செல்பவர் கீழ்ச்சாதியாரோடு புழங்கலாகாது என்ற ஊர் வழக்கத்தை அப்படியே ஏற்றார். 1640 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனப் 'பண்டாரசாமிகள்' என்ற தனி வகைக் குருக்கள் ஏற்பட்டனர். சன்னியாசிகள் சிலருக்கு, பண்டாரங்கள் பிறருக்கு என்று ஒரே நற்செய்தி இரண்டு வாசல்களில் வழங்கப்பட்டது. ஒரு மண்ணின் மொழியில் பேசுவதற்கும் அந்த மண்ணின் அநீதியில் பேசுவதற்கும் இடையே கோடு எங்கே விழுகிறது? நொபிலி தொடங்கிவைத்த இந்தக் கேள்வி பின்னர் எவரையும் விட்டுவைக்கவில்லை.

*

நூறாண்டு கழித்து, 1706 சூலை 9 அன்று, தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கினார் பர்த்தலோமேயு சீகன்பால்கு. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய ஜெர்மானியர். வயது இருபத்து நான்கு நிறைய ஒரு நாள் இருந்தது. அவரைக் கோட்டையின் தளபதியே விரும்பவில்லை. 1708இல் பிடித்துச் சிறையிலும் வைத்தார். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார்.

பின்னர் அவர் செய்த காரியம்தான் இலக்கிய வாசகர்களான நமக்கு முக்கியம். மதம் பரப்ப வந்தவர் ஓலைச்சுவடிகளைத் தேடி அலைந்தார். தாம் சேர்த்தும் படித்தும் வைத்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைக் குறிப்புகளோடு 1708இல் பட்டியலிட்டார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மனில் பெயர்த்தார். தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி அவர்கள் தந்த மறுமொழிகளை மொழிபெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அம்மறுமொழிகளில் ஐரோப்பியக் கிறித்தவர்களின் குடி, தூய்மையின்மை, ஒழுக்கக்கேடு எல்லாம் குற்றச்சாட்டுகளாக வருகின்றன. சொல்ல வந்தவர் கேட்கவும் நேர்ந்தது. கேட்டதை மறைக்காமல் தம்மை அனுப்பியவர்களுக்கே எழுதினார்.

1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெருநூலை எழுதி முடித்து ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்பலாகாது என்பது அவர் கருத்து. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அந்நூல் கையெழுத்தாகவே கிடந்தது. 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று. பிராங்கேயின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நாம் சொல்லமாட்டோம். ஒருவரிடம் நம் நம்பிக்கையைச் சொல்லப்போய் அவர் நம்பிக்கையை ஆழ்ந்து கேட்கத் தொடங்கினால், திரும்பி வருபவர் பழைய ஆளாக வருவதில்லை.

சீகன்பால்கு 1708இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1711இல் முடிந்தது. 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்து தாளை விழுங்கின. இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை அதற்குப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. கடவுளின் பெயராக அவர் தேர்ந்தது நொபிலி வழி வந்த 'சருவேசுரன்' என்ற சொல்லையே. கத்தோலிக்கரை மறுக்க வந்த லுத்தரன், கத்தோலிக்கரின் சொல்லைக் கொண்டே பேசினார். அவருடைய தமிழ் பெரிதும் பேச்சு வழக்கை ஒட்டியது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், லுத்தரன்களின் தமிழ் நடையைக் கடுமையாக எள்ளி எழுதியதை நாம் அறிவோம். இத்தாலியர் ஒருவர் ஜெர்மானியர் ஒருவரின் தமிழைக் குறைகூறுகிறார்! தமிழ் நடை பற்றிய சண்டை அயலவருக்கும் தொற்றிக்கொண்டது என்றால், அவர்கள் அயலவராக இருப்பது பாதி முடிந்துவிட்டது என்று பொருள்.

1719இல், முப்பத்தாறு வயதில் சீகன்பால்கு இறந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் ஆகமம் வரையே அவரால் பெயர்க்க முடிந்தது.

*

அதன்பின் வந்த பிலிப் பப்ரீசியசின் மொழிபெயர்ப்புதான் முதன்முதலாகத் தமிழர் வீடுகளுக்குள் சென்று தங்கியது எனலாம். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரியில் வெளிவந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் 1761இல் கைப்பற்றிய அச்சுப்பொறியில்தான் வேப்பேரி அச்சகம் தொடங்கியது. பப்ரீசியசு கடவுளைப் 'பராபரன்' என்றார். தாயுமானவரைப் படித்த எவருக்கும் அச்சொல்லின் இனிமை தெரியும். ஒரு தலைமுறை அந்தச் சொல்லைக் கொண்டு மன்றாடியது, அழுதது, பிணங்களைப் புதைத்தது. ஒரு சொல் அதன்பின் மொழிபெயர்ப்பாளரின் உடைமையாக இருப்பதில்லை.

இது புரியாமல் போனதுதான் 1820களின் பெரும்பூசலுக்குக் காரணம். பாளையங்கோட்டையில் பணிபுரிந்த ரேனியசு, பப்ரீசியசின் மொழிபெயர்ப்பைத் திருத்தத் தொடங்கினார். மூலத்தின் சொல்லமைப்பைப் பற்றிக்கொண்டு தமிழ்த் தொடரமைப்பை முறிக்கிறது அது என்பது அவர் குறை. தெளிவாகவும் ஓட்டமாகவும் தமிழர் படித்துப் புரிந்துகொள்ளும்படியும் வேதம் இருக்க வேண்டும் என்றார். தமிழ் இலக்கணமே எழுதியவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஆனால் தஞ்சாவூரிலிருந்து ஒரு குரல் எழுந்தது. வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவயதில் சுவார்ட்ஸ் பாதிரியாரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு, இரண்டாம் சரபோசி மன்னருடன் தோழமை கொண்டு வளர்ந்தவர். குறவஞ்சி என்ற கோயில் கலை வடிவத்தை எடுத்துப் 'பெத்தலகேம் குறவஞ்சி' பாடியவர். வானியலும் புவியியலும் அதற்குள் வருகின்றன. குறத்தி குறி சொல்கிறாள். நற்செய்தியைத் தமிழர் தமிழருக்குச் சொன்னால் அது எவ்வடிவில் இருக்கும் என்பதற்கு அக்காலத்தில் அதைவிடச் சிறந்த சான்றில்லை.

அந்த சாஸ்திரியார் புதிய மிஷனரிமார் மீது குற்றச்சாட்டுகளை அடுக்கினார். எங்கள் வேதத்தைத் திருத்துகிறீர்கள். எங்கள் திருநாள்களிலும் திருமணங்களிலும் பூக்களை விலக்குகிறீர்கள். எங்கள் பாட்டையும் இசையையும் வழிபாட்டிலிருந்து நீக்குகிறீர்கள். இம்மூன்றையும் இன்று படிக்கும்போது நம் மனம் அவர் பக்கமே சாய்கிறது. நேற்றுக் கப்பலேறி வந்தவர் மூன்று தலைமுறையாக வேதம் படித்தவர்களுக்கு எது நல்ல தமிழ் என்று சொல்லவந்ததன் எரிச்சல் அவர் எழுத்தில் தெரிகிறது.

அப்பட்டியலில் நான்காவதாக ஒன்றும் இருந்தது. எங்களைப் பிற சாதியாரோடு ஒன்றாகக் கலக்கக் கட்டாயப்படுத்துகிறீர்கள் என்பது அது. சாஸ்திரியார் வேளாளர். தேவாலயத்தில் தனி இருக்கையையும் திருவிருந்தில் முன்பின் வரிசையையும் அவர் பூவோடும் பாட்டோடும் சேர்த்தே 'எங்கள் வழக்கம்' என்று எண்ணினார். மாறாக, பிழையற்ற தமிழை வெளியிலிருந்து விதிக்கவந்த ரேனியசுதான் மாணவர்கள் சாதி பாராமல் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்று நின்றார். 1833இல் கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபைகளிலிருந்து உடனே அடியோடு நீக்குமாறு ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள்.

இவ்விடத்தில் வரலாறு நமக்கு எளிய ஆறுதல் எதையும் தருவதில்லை. மொழி விஷயத்தில் மண்ணின் பக்கம் நின்றவர் மனிதர் விஷயத்தில் சறுக்கினார். மனிதர் விஷயத்தில் நேராக நின்றவர்கள் மண்ணின் பூவையும் பாட்டையும் அழுக்கென்று கருதினார்கள். இருவரில் ஒருவரை மட்டும் நாயகராக வைத்து எழுதுவது எளிது. பலர் எழுதியும் இருக்கிறார்கள். சாஸ்திரியாரின் பாடல்களைப் பாடிக்கொண்டே, அவர் கேட்ட தனி இருக்கையை மறுக்கவும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் காலத்தில் அத்தகைய இடம் ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

*

கடன் வாங்கியவர் ஒருநாள் கணக்குச் சொல்லியாக வேண்டும். அந்தக் கணக்கை யாழ்ப்பாணம் கேட்டது.

வெஸ்லியன் மிஷனின் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் தாம் நடத்திய பள்ளியில் பயின்ற, பின்பு அங்கேயே ஆசிரியராக இருந்த இளைஞர் ஒருவரைத் தம் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணையாக அமர்த்திக்கொண்டார். நல்லூர்க் கந்தப்பிள்ளையின் மகன் ஆறுமுகம். இருவரும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைத்தனர். 1848இல் கையெழுத்துப் படியோடு சென்னைக்குச் சென்றபோது மழவை மகாலிங்கையர் அதைப் பார்வையிட்டு அதன் தமிழைப் பாராட்டினார் என்பர். 1850இல் அது அச்சாயிற்று. சபைகள் அதை ஏற்கவில்லை. பப்ரீசியசின் ஓசைக்குப் பழகிய காதுகளுக்கு அது அயலாக ஒலித்தது.

ஆனால் அந்த இளைஞருக்கு வேறொன்று நிகழ்ந்திருந்தது. விவிலியத்தை வரிவரியாகப் பெயர்க்கும் அளவுக்குப் படித்தவர் கிறித்தவராகவில்லை. 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதல் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்து அச்சுக்கூடம் நிறுவினார். பாலபாடங்களும் உரைநடைப் புராணங்களும் துண்டறிக்கைகளும் வெளியிட்டார். அவரையே நாம் ஆறுமுக நாவலர் என்று போற்றுகிறோம். வாரந்தோறும் பிரசங்கம், பள்ளி, அச்சு, எளிய உரைநடை எனப் பாதிரிமார் கையாண்ட கருவிகள் எல்லாம் இப்போது சைவத்தின் கையில் இருந்தன. 1854இல் அவர் எழுதிய 'சைவதூஷண பரிகாரம்' இன்னும் ஓரடி முன்னே போயிற்று. உங்கள் பழைய ஏற்பாட்டில் ஆலயமும் பலிபீடமும் தூபமும் தீபமும் இல்லையா, பின் எங்கள் கோயிலை ஏன் பழிக்கிறீர்கள் என்று விவிலியத்தைக் கொண்டே கேட்டது.

பெர்சிவலுக்கு இது தோல்வியா? மதமாற்றத்தை மட்டும் எண்ணினால், ஆம். ஆனால் ஒருவர் தம் நூலை இன்னொருவர் கையில் திறந்து கொடுத்து, அவர் அதை முழுவதும் படித்து, பதில் சொன்னார் என்றால், அது உரையாடல் நிகழ்ந்ததன் அடையாளம். மணியடித்துக் கூட்டிய கூட்டத்தில் பதில் சொல்ல யாரும் இல்லை. முந்நூறு ஆண்டுகள் கழித்துத்தான் பதில் வந்தது. நாவலரும் சாதி விஷயத்தில் தம் காலத்தைத் தாண்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாஸ்திரியாரும் நாவலரும் எதிரெதிர் மதத்தார். அந்த ஒரு வாசலில் மட்டும் அருகருகே நிற்கிறார்கள்.

*

இதுவரை சொன்னவர்கள் எழுதியவர்கள். எழுதாதவர்கள் வழியாகத்தான் நம்பிக்கை பெரும்பாலும் நடந்து சென்றது என்பதை நாம் மறக்கலாகாது.

தென் திருவிதாங்கூரின் மயிலாடியில் மகாராசன் என்றொருவர் இருந்தார். சாம்பவர் குலத்தவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். தஞ்சையில் உறவினர் வீட்டுக்குச் சென்ற இடத்தில் கோலாப் பாதிரியாரின் வழிபாட்டைக் கேட்டார். வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். தாம் கேட்டதைத் தம் மக்களுக்குச் சொன்னார். ரிங்கல்தௌபே பாதிரியார் 1806இல் அங்கே வந்து சேர்ந்தபோது ஒரு சிறு சபை அவருக்காகக் காத்திருந்தது. 1809இல் ஆலயம் எழுந்தது.

அவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் கடவுள் சருவேசுரனா, பராபரனா, தேவனா என்பது முதற்கேள்வியாக இருந்திருக்காது. சிதம்பரத்துக்கு அத்தனை காதம் நடந்து போன ஒருவர் அக்காலத்தில் அந்தக் கோயிலுக்குள் எவ்வளவு தூரம் நுழைந்திருக்க முடியும் என்பதே கேள்வி. சில ஆண்டுகளில் அதே வட்டாரத்தில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பெருங்கலகம் மூண்டது. 1822 தொடங்கி விட்டுவிட்டு நடந்த அப்போராட்டம் 1859இல் திருவிதாங்கூர் அரசாணையோடு ஓரளவு முடிவுக்கு வந்தது. அப்பெண்களுக்கு நற்செய்தி முதலில் ஒரு முழத் துணியாக வந்தது. மொழிபெயர்ப்பு என்பதற்கு இதையும் விட வேறு பெயர் உண்டா?

சாதியோ விட்டுவிடவில்லை. தேவாலயத்துக்குள் தடுப்புச் சுவர்களாகவும் தனிக் கல்லறைகளாகவும் அது தொடர்ந்து வந்தது. இருபத்தொன்றாம் நூற்றாண்டிலும் அது பேசப்படும் செய்தியாகவே இருப்பதை நாம் அறிவோம். நொபிலி பட்ட கடனில் வட்டி இன்னும் கட்டி முடியவில்லை.

*

1871இல் ஹென்றி பவரின் தலைமையில் பல சபைகள் கூடிச் செய்த மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதில் கடவுள் 'தேவன்' ஆனார். தரங்கம்பாடி மரபின் லுத்தரன்கள் நெடுங்காலம் அதை ஏற்காமல் பப்ரீசியசின் 'பராபரனை'யே பற்றிக்கொண்டிருந்தனர். 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் இணைந்து செய்த பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்' என்ற தனித்தமிழ்ச் சொல் வந்தது. ஆயினும் சீர்திருத்த சபை வீடுகளில் பாட்டிமார் மடியில் பெரும்பாலும் விரிந்திருப்பது 1871இன் நடைதான். ஒரு காலத்தில் புதுமை என்று மறுக்கப்பட்டது, இன்று பழமை என்று போற்றப்படுகிறது. தம்பிரான், சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என நானூறு ஆண்டுகளில் ஐந்து பெயர்கள். ஐந்தும் தமிழர் தம் வாயிலிருந்து கொடுத்தவை.

இனி அந்த முதல் பிழைக்குத் திரும்புவோம். சேவியர் நீக்கச் சொன்ன 'வேணும்' என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்கலாம். தமிழில் வேண்டுதல் என்பதற்கு விரும்புதல் என்பது மட்டும் பொருளன்று. இறைவனிடம் மன்றாடுவதும் வேண்டுதல்தான். நேர்ந்துகொள்வதும் வேண்டுதல்தான். ஆசையும் வழிபாடும் ஒரே வினையடியில் குடியிருக்கும் மொழி நம்முடையது. அதன் இடத்தில் வந்தமர்ந்த 'விசுவாசம்' வடமொழியிலிருந்து வந்தது, இலக்கணப்படி சரியானது, இறையியல்படி தேவையானது. சேவியரின் திருத்தத்தை நாம் குறைசொல்லவில்லை. நம்பிக்கையும் விருப்பமும் வேறு என்பதை ஓர் ஆசிரியர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் அந்தக் கரையில், கடற்படை கொடுத்த மதத்தை ஏற்றுக்கொண்டு, பொருள் விளங்காத செபங்களுக்காக மணியோசை கேட்டுக் கூடிய மக்கள், தம் மொழியில் உண்மையிலேயே பொருள்பட்ட ஒரே தொடரை அந்த ஓராண்டில் சொல்லிவந்தார்கள் என்றும் தோன்றுகிறது. அவர்கள் என்ன நம்பினார்கள் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. என்ன வேண்டும் என்பதை அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தன் நம்பிக்கையைப் பகிர வருகிறவர், எம்மதத்தவராயினும், முதலில் காது கொடுக்க வேண்டியது அந்தச் சொல்லுக்குத்தான் என்று நினைக்கிறோம்.